பிரேக்கை விட்ட நாற்பது நிமிடம்

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, ஆற்றுப்பாலத்துக்குக் கிழக்கே எழும்பிக்கொண்டிருந்த பத்தொன்பது மாடிக் கட்டடத்தின் மேல் காற்றின் வேகம் மணிக்கு எழுபத்தாறு கிலோமீட்டர்.

அறுபது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் கிரேன்காரர் மட்டும் இருந்தார். நல்லவேளை, கொக்கியில் சுமை இல்லை. ஆனால் ஏணியில் கால் வைத்தால் காற்று ஆளைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். கீழே நின்று சைகை காட்டுபவன் அவருடைய மைத்துனன். வாக்கிடாக்கியில் அவன் குரல் கரகரத்தது.

"மாமா, பிரேக்க விட்டாச்சா?"

"விட்டா இந்தக் கிரேன் கை தறிகெட்டு சுத்தாதாடா?"

"சுத்தட்டும். காத்து போற பக்கம் திரும்பினாத்தான் கிரேன் நிக்கும். இறுக்கிப் புடிச்சா அடியோட சாயும். பரீட்சையில இத எழுதித்தானே பாஸ் பண்ணீங்க?"

எழுதியது தரையில், நாற்காலியில் உட்கார்ந்து. அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை விட்டார். கிரேனின் நீண்ட கை தன்பாட்டுக்குத் திரும்ப, ஊரே காலடியில் வழுக்கிக்கொண்டு போனது.

வாக்கிடாக்கியைத் தொடைக்கடியில் செருகிவிட்டு, "ஆண்டவனே, காப்பாத்து" என்று ஏழெட்டு முறை சொன்னார். அதற்கு மேல் சரக்கு இல்லை. காலையில்தான் மனைவி குத்திக்காட்டியிருந்தாள்: "உங்களுக்குக் கடவுள்னா மனு வாங்குற ஆபீஸ். ஒருநாளாவது எதுவும் கேக்காம அவரப் புகழ்ந்துட்டு வாங்களேன்."

வேறு வேலையும் இல்லை. கண்ணில் பட்டதிலிருந்து ஆரம்பித்தார்.

"இந்த போல்ட்டுக்கு நன்றி. அத முறுக்குன கைக்கு நன்றி. ஆத்த என்னமா வளைச்சு விட்டிருக்க! இந்தக் காத்தும் உன்னோடதுதான். பெரிய ஆளு நீ, ஒத்துக்கறேன்."

சொல்லச் சொல்ல, இருக்கையை இறுக்கியிருந்த பிடியைத் தளர்த்தினார். கிரேன் ஆடியபடியேதான் இருந்தது.

"கீழ நிக்குறானே என் மாப்ள, அவனையும் நல்லா வை. என் வீட்டு ஏணிய வாங்கிட்டுப் போயி ஒரு வருஷமாச்சு. பரவால்ல, நல்ல பய."

நாலு இருபதுக்குக் காற்று அடங்கியது. இறங்கி வந்தபோது கீழே முப்பது பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பேசும் பட்டன் தொடைக்கடியில் அமுங்கியே இருந்திருக்கிறது. நாற்பது நிமிடமும் எல்லோருடைய வாக்கிடாக்கியிலும் அவர் குரல்தான்; யாராலும் குறுக்கே பேச முடியவில்லை.

"போல்ட்டுக்கெல்லாம் நன்றி சொன்னீங்க, கம்பி கட்டுற எங்கள விட்டுட்டீங்களே அண்ணே" என்றான் ஒருவன்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "உனக்காகப் பயந்து எனக்கு வேண்டிக்கக்கூட வாய் வரலப்பா. நீ சொன்னத அப்படியே நானும் சொல்லிட்டு நின்னேன்."

மைத்துனன் அவர் தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டான்.

பரிசோதனையில் கிரேனுக்குச் சேதம் இல்லை என்று தெரிந்தது. புதன்கிழமை காலை ஏணி திரும்பி வந்தது.