பன்னிரண்டு சுளை வட்டம்

மனித குலத்தின் வரலாறே ஒரு முழு வட்டத்தைத் தேடி அலைந்த வரலாறுதான் என்று சாரதாம்பாள் அறிவித்தபோது, மலாக்காவின் காஜா பேராங் மாதர் சங்கத்தில் கூடியிருந்த பெண்கள் எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்தவர்கள் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினார்கள்.

சாரதாம்பாள் பெண்கள் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். அதிலும் வடிவியல் என்றால் உயிர். அவர் வீட்டில் வட்டமாக வராத தோசை தோசைக் கணக்கில் சேராது. தபால் ஆபீஸில் வேலை பார்த்த அவர் கணவர் கருணாகரன் அதை ஓரமாக உட்கார்ந்து தின்றுவிட வேண்டும். கருணாகரன் அதிகம் பேசாத மனிதர். கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று அவருடைய பழைய நண்பர்கள் சொல்வார்கள்.

இப்போது வட்டம் தேவைப்பட்டது மெர்டேக்காவுக்கு. ஆகஸ்டு முடிகிற அன்று மலாயா சுதந்திரம் அடையப்போகிறது. அதைக் காஜா பேராங் தமிழர்கள் ஒரு பொதுக்கூட்டம் போட்டு வரவேற்பது என்று முடிவாகி, ஒரு குழுவும் அமைந்துவிட்டது. குழு கூடி முதலில் செய்த காரியம், ஒரு துணைக்குழு அமைத்தது. இரண்டிலும் அதே ஆட்கள்தான், எல்லாரும் ஆண்கள். தலைவர் தெய்வநாயகம், ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா. ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்ற அடைமொழி சேர்க்காமல் அவரால் ஒரு கோப்பிக்குக்கூடச் சொல்ல முடியாது.

சாரதாம்பாள் அவரை நேரிலேயே போய்ப் பார்த்தார்.

“நாடே சுதந்திரம் அடையுது. குழுவில ஒரு பொம்பளைக்கு நாற்காலி இல்லையாங்கய்யா?”

“நாற்காலிக்கு என்ன பஞ்சம் டீச்சரம்மா? இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க வேலைக்குத் திட்டம் வேணும், கணக்கு வேணும், அளவு வேணும். நீங்கள்லாம் சேர்ந்து உட்கார்ந்தா பின்னல் போடுறவங்க.”

“பின்னலே கணக்குத்தான்யா.”

தெய்வநாயகம் சிரித்தார். பக்கத்தில் இருந்த உறுப்பினர்கள், தலைவர் எவ்வளவு சிரித்தாரோ அவ்வளவு சிரித்தார்கள்.

“அப்படியா? மேடையில போடப்போறது வட்ட மேசை. அதுக்கு ஒரு விரிப்புப் பின்னிக் குடுங்க பார்ப்போம். ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. விரிப்பு மேசையில ஒழுங்கா உட்கார்ந்துச்சுன்னா, நீங்க குழுவில வந்து உட்காருங்க. இல்லன்னா சிங்கப்பூர்லேர்ந்து வெல்வெட் வரும்.”

“சுருக்கம் இருக்காது” என்று சொல்லிவிட்டு சாரதாம்பாள் எழுந்துவிட்டார். அன்றைக்கே நூல் உருண்டைகள் வாங்கியாயிற்று.

அதற்காகத்தான் இந்த மாதர் சங்கக் கூட்டம். மனித குலத்தின் வரலாறு முடிந்ததும் சாரதாம்பாள் கொக்கி ஊசியைக் கையில் எடுத்தார்.

“கவனமா கேளுங்க. நடுவில ஒரு சின்ன வளையம். வளையத்துக்குள்ள பன்னிரண்டு கண்ணி. பம்ளிமாஸ் பழத்தைக் குறுக்க வெட்டினா சுளை சுளையா தெரியும்ல? அந்த மாதிரி, ஒவ்வொரு கண்ணியும் ஒரு சுளைக்கு முனை. அப்புறம் ஒவ்வொரு சுத்திலேயும் சுளைக்கு ஒரு கண்ணி கூட்டணும். ஒண்ணே ஒண்ணு. குறைச்சா விரிப்பு கிண்ணமாயிரும். அதிகமாக்கினா சேவல் கொண்டையாயிரும்.”

“வட்டம் பெருசாக ஆக இன்னும் நிறையக் கூட்ட வேணாமா டீச்சர்?” என்று கேட்டாள் மல்லிகா. புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். சந்தேகம் கேட்பது நல்லதில்லை என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

சாரதாம்பாளின் முகம் மலர்ந்துவிட்டது. “அங்கதான் இருக்கு அழகே! உள் சுத்து சின்னது, வெளிச் சுத்து பெருசு. ஆனா ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மாறவே மாறாது. சாஸருக்குப் பின்னினாலும் அதே, மேசைக்குப் பின்னினாலும் அதே. மலாக்கா ஊரையே சுத்திப் பின்னினாலும் அதே.”

“ஊரைச் சுத்திப் பின்ன நூலுக்கு எங்க போறதாம்?” என்றாள் பொன்னம்மா. பொன்னம்மா சாரதாம்பாளுக்கு அடுத்த வீடு. கைவேலையில் சூரி, வாயிலும்தான்.

“ஒரு புள்ளியைச் சுத்தி முந்நூத்தி அறுபது பாகைதான் பொன்னம்மா. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கடவுளே வந்தாலும்.”

“எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே பின்னணுமா டீச்சர்?” இதுவும் மல்லிகாதான்.

“எண்றது கடைக்காரங்க வேலைம்மா. விதி தெரிஞ்சவங்களுக்கு எண்ணிக்கை எதுக்கு? முந்தின சுத்தில எங்க கூட்டியிருக்கோ, அதுக்கு நேர் மேல கூட்டிட்டுப் போனா போதும்.”

நல்ல நேரம் பார்ப்பதில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு, நல்ல நேரம் பிறக்கும் வரை சாரதாம்பாள் பேசிக்கொண்டே இருந்தார். பிறந்ததும், மையத்தைத் தம் கையாலேயே போட்டார். பெண்கள் கை தட்டினார்கள். பருப்பு ஞாபகம் வந்தவர்கள் தட்டிக்கொண்டே வெளியேறினார்கள்.

வட்டத்தை ஒரே சமயத்தில் நாலு பேர் உட்கார்ந்து பின்ன முடியாது. ஆகவே அது வீடு வீடாகப் போயிற்று. பொன்னம்மா வீட்டிலிருந்து வரும்போது இறால் பிளாச்சான் சம்பல் மணக்கும். மல்லிகா வீட்டிலிருந்து வரும்போது முகப் பவுடர் மணக்கும். சாஸர் அளவில் விரிப்பு சாதுவாக இருந்தது. தாம்பாளம் அளவுக்கு வந்ததும் ஓரத்தில் ஒரு சின்னத் துள்ளல் தெரிந்தது. மடியில் வைத்துப் பின்னியதால் இருக்கும் என்றார்கள். மேசையில் பாதி அளவுக்கு வந்தபோது அது எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. சாரதாம்பாள் அதைத் தம் வீட்டு மேசையில் விரித்து ஒரு பக்கத்தை அழுத்தினார். எதிர்ப்பக்கம் எழுந்தது. அதை அழுத்தினார். இது எழுந்தது.

“உசிர் இருக்கும் போல” என்றார் கருணாகரன். அந்த வருஷத்தில் அவர் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. அதுவும் வரவேற்கப்படவில்லை.

மறுநாளே விசாரணை. பின்னிய பெண்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, சாரதாம்பாள் விரிப்பை உயர்த்திப் பிடித்தார். “விதியை மீறினது யாரு?”

பொன்னம்மா தொண்டையைச் செருமினாள். “மீறலை டீச்சர். என் கையில இருந்தப்ப ஒவ்வொரு சுத்து முடியிறப்பவும் ஒண்ணே ஒண்ணு சேர்த்துப் போட்டேன். அவ்வளவுதான்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? மொட்டையா முடிக்கலாமா? மொய் எழுதுறப்ப நூத்தி ஒண்ணுதானே எழுதுறோம்? நூறுன்னு யாராச்சும் எழுதுவாங்களா? நல்ல காரியத்துக்குப் போற துணியாச்சேன்னு கை தன்னால ஒண்ணு சேர்த்திருச்சு.”

ரெண்டொரு பெண்கள் “அது சரிதானே” என்று முணுமுணுத்தார்கள். சாரதாம்பாள் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் எளிதில் உட்கார மாட்டார் என்பது பள்ளிக்கூடம் அறிந்த விஷயம்.

“இந்த ஒண்ணுதான் நம்ம சமுதாயத்தைக் கெடுத்த ஒண்ணு! வெள்ளைக்காரன் கப்பலேறப் போறான், காஜா பேராங் இன்னும் இந்த ஒண்ணை விடலை! கணக்குக்கு மங்களமும் கிடையாது, அமங்களமும் கிடையாது. பன்னிரண்டுன்னா பன்னிரண்டு! பிரிங்க பொன்னம்மா, உங்க சுத்து வரைக்கும் பிரிங்க!”

பொன்னம்மாவின் சுற்றுகளைப் பிரிக்க வேண்டுமானால் அதற்கு வெளியே மற்றவர்கள் பின்னியதையும் பிரித்தாக வேண்டும். எல்லார் கண்ணும் பொன்னம்மா மேல் இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நூலை இழுத்தாள்.

“ஒரு கண்ணி கூடிப்போனதுக்கு இம்புட்டு ஆட்டமா? எங்க வீட்டுக்காரருக்குச் சம்பளம் இப்படி ஒரு தடவை கூடியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்லா.”

மீதியை இனி யாரிடமும் கொடுப்பதில்லை என்று சாரதாம்பாள் முடிவு செய்தார். பஸ்ஸில் பின்னினார். மாணவிகள் பரீட்சை எழுதும்போது பின்னினார். கோயிலில் தீபாராதனை நடக்கும்போதும் பின்னினார். கன்னத்தில் போட்டுக்கொள்ள மட்டும் ஊசியைக் கீழே வைத்தார். கருணாகரன் தாமே தோசை சுட்டுக்கொண்டார். அவை எந்த வடிவத்தில் வந்தன என்று கேட்க ஆளில்லாததால் அவர் மெல்லப் பாடக்கூட ஆரம்பித்தார்.

விரிப்பு முடிந்தது. நெளிவு குறைந்திருந்தது, போகவில்லை.

சாரதாம்பாள் அசரவில்லை. மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி விரிப்பை முக்கி எடுத்து, வாசல் சிமெண்டுத் தரையில் பரப்பி, சுற்றிலும் அம்மிக்கல், குழவி, செங்கல், கருணாகரனின் இஸ்திரிப்பெட்டி என்று கனமான சாமான் எல்லாவற்றையும் தூக்கி வைத்து வெயிலில் காயப்போட்டார். கல்லை எடுத்ததும் விரிப்பு படக்கென்று எழுந்து பழைய நெளிவிலேயே நின்றது. முன்பாவது கையால் அமுக்கினால் அமுங்கும். இப்போது அமுக்கினால் சத்தம் போட்டது.

கிளேபாங் போகும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த தெய்வநாயகம், தெருவில் வந்த சாரதாம்பாளைப் பார்த்துவிட்டுக் குடையை ஆட்டினார்.

“வெல்வெட்டுக்குச் சொல்லிரட்டுமா டீச்சரம்மா? இன்னிக்குச் சொன்னாத்தான் வந்து சேரும்.”

“வேணாங்கய்யா. விரிப்பு தயாராயிருச்சு.”

“ஒழுங்கா உட்காருதா?”

“உட்காரும்யா.”

எப்படி உட்காரும் என்று சாரதாம்பாளுக்குத் தெரியாது. உட்கார வைக்காமல் விடுவதில்லை என்பது மட்டும் தெரியும்.

விழா அன்று காலையில் மண்டபத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர் அவர்தான். வெளியே மல்லிகாவும் பொன்னம்மாவும் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் சாரதாம்பாள் விரிப்பை மேசைமேல் போட்டார். அது நாலு இடத்தில் உட்கார்ந்து நாலு இடத்தில் எழுந்து நின்றது. மறுபடி ஒருமுறை யோசித்தார். விதியில் தவறில்லை. வெளிச் சுற்றுகள் எல்லாம் தம் கையால் போட்டவை. பொன்னம்மாவின் ஒன்று ஒழிந்தாயிற்று. சிந்திக்க இனி எதுவும் பாக்கியில்லை. எனவே வேறு வழியில்லாமல் கடைக்காரர்களின் வேலையைச் செய்யத் தொடங்கினார். மையத்தில் விரலை வைத்து, சுளை சுளையாக எண்ணிக்கொண்டு வந்தார்.

எண்ணி முடித்தார். பிறகு மறுபக்கமாகத் திருப்பி எண்ணினார். எந்தப் பக்கமாக எண்ணினாலும் வட்டத்தில் விடை ஒன்றுதான் என்று அவரே எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அப்புறம் மேடையில் இருந்த பெரிய பித்தளைப் பூச்சாடியைத் தூக்கிவந்து நட்டநடுவில் வைத்தார்.

தெய்வநாயகம் குழுவோடு வந்து சேர்ந்தார். மேசையைச் சுற்றி நடந்தார். குழுவும் சுற்றி நடந்தது.

“என்ன டீச்சரம்மா இது? அலையடிக்குது?”

வெளியே தோரணம் கட்டிக்கொண்டிருந்த பொன்னம்மா வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

“அலைதான்யா அடிக்கணும்” என்றார் சாரதாம்பாள். “மலாக்கா நீரிணை. ஊர்ப்பட்ட வெள்ளைக்காரனும் வந்து இறங்கின கடல். இன்னிக்குத் திரும்பிப் போறான். சுத்தி அலை, நடுவில பூவா நம்ம நாடு.”

“ஒரு சுருக்கம் இருக்கக்கூடாதுன்னு சொன்னேனே…”

“சுருக்கம்னா இஷ்டத்துக்கு வரும். இது எல்லாம் ஒரே அளவு. வேணும்னா அளவு நாடா தரேன், அளந்து பாருங்க. முந்நூத்தி அறுபது பாகைக்குள்ள அடங்காத வட்டம்யா இது. கணக்குத் தெரியாதவங்களுக்குப் பார்த்தா சுருக்கமாத்தான் தெரியும்.”

தெய்வநாயகம் அளவு நாடாவைப் பார்த்தார். குழுவைப் பார்த்தார். கணக்குத் தெரியாதவர் என்று பெயர் எடுக்க மெர்டேக்கா நாள் உகந்ததல்ல என்று அவருக்குத் தோன்றியது. அதோடு, பேச்சைத் தொடங்க ஒரு நல்ல உவமை கிடைக்காமல் அவர் ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

“இதைத்தான் நான் ஆரம்பத்திலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றார் குழுவிடம்.

“ஆமாங்கய்யா” என்றது குழு.

அன்று தெய்வநாயகம் வரலாற்றுச் சிறப்புமிக்க அலைகளைப் பற்றித் தொண்டை வறளும் வரை பேசினார். நீரிணையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் உணர்ச்சிவசப்பட்டு மேசையை ஓங்கித் தட்டினார். அவர் தட்டத் தட்ட எதிர்ப்பக்கம் விரிப்பு எழும்பி, செயலாளர் ராஜரத்தினத்தின் தண்ணீர் கிளாஸைக் கவிழ்த்தது. ராஜரத்தினம் ஈரமான நன்றியுரையைக் கையில் பிடித்துக்கொண்டே கை தட்டினார். தெங்கேராவிலிருந்து வந்திருந்த ஒரு சங்கத்தார், தங்களுக்கும் இதே மாதிரி அலையடிக்கும் விரிப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஊரறியப் புகழ்ந்த விரிப்பைப் பிறகு குறை சொல்ல முடியாதல்லவா? அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடப்பட்டிருந்தது. சாரதாம்பாள் அதில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார், நெளியவில்லை. உட்கார்ந்த சூட்டோடு, இன்னொரு பெண்ணுக்கும் நாற்காலி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதுவும் நிறைவேறியது. எதிர்த்தால் மறுபடியும் எதையாவது அளக்கச் சொல்வாரோ என்று எல்லாருக்கும் பயம்.

அன்று சாயங்காலம் பொன்னம்மா ஒரு தட்டு நிறையப் பருப்பு வடையோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“டீச்சர், பிரிச்சப்ப என் சுத்து ஏதாச்சும் உள்ள ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும் போல. அதான் கடைசி வரைக்கும் நெளிஞ்சிருக்கு. நீங்கதான் சமாளிச்சு மானத்தைக் காப்பாத்தினீங்க. மனசுல வச்சுக்காதீங்க.”

சாரதாம்பாள் ஒரு வடையை எடுத்துக்கொண்டார். கருணாகரன் பேப்பரை இறக்கிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“போனது போகட்டும் பொன்னம்மா” என்றார் சாரதாம்பாள். “இனிமே எண்ணிப் போடுங்க.”

விரிப்பின் நடுவில் இருந்தது பன்னிரண்டு சுளை அல்ல, பதின்மூன்று. மையத்தைப் போட்டவர் சாரதாம்பாள்.