மூன்று நாள் குரல்

அந்நிறுவனத்தின் கூட்டங்களில் எவருடைய குரல் தொடர்ந்து மூன்று நாள் கேட்கிறதோ, அவர் அதன் ஊழியர் ஆகிவிடுவார். எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆகவே இதைவிட நேர்மையான விதி கிடைக்கவில்லை. நிறுவனமும் நன்றாக வளர்ந்தது. ஈரோட்டில் ஒரு வாஷிங் மெஷின், பயிற்சிப் பிரிவைக் கவனித்தது. மதுரையில் ஒரு நாய் சட்ட ஆலோசகராக இருந்தது.

தென்காசியில் செண்பகவடிவும் அவள் கணவன் இசக்கியப்பனும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அவள் படுக்கையறையிலிருந்து, அவன் சமையலறையிலிருந்து. பேருந்து நெரிசல் இல்லை. புடவை மடிப்புக் கலைவதில்லை. இசக்கியப்பன் மைக்கை அணைக்க ஒருநாளும் நினைத்ததில்லை. அதன் வழியே வீட்டுக் குக்கர் மூன்று நாள் பேசிற்று. நான்காம் நாள் குழுத்தலைவர் ஆயிற்று.

செண்பகவடிவு ஒழுங்கானவள். கூட்டத்தில் நுழைந்ததும் மைக்கை அணைத்துவிடுவாள். இரண்டாண்டுகளாக அந்நிலையிலேயே, முன்னுரை முடிவுரையோடு, பிழையற்ற கருத்துகளைக் கூறிவந்தாள். ஒருவரும் குறுக்கிடாததை உடன்பாடு என்றே கொண்டாள்.

செவ்வாயன்று மனிதவளப் பிரிவின் அருள்ராஜ் அழைத்தார். "மேடம், உங்க குரல் எங்க பதிவுலயே இல்லை. வெள்ளிக்குள்ள மூணு நாள் கேட்கணும். இல்லேன்னா பேரை எடுத்துருவோம்."

"இங்கன என்னைய வாய் திறக்க விடமாட்ட. அங்க ஒரு வார்த்தைகூடப் பேசலையாக்கும்?" என்றான் இசக்கியப்பன்.

"பேசினேன். மைக் அணைஞ்சிருந்தது."

"அந்த மைக்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிருவமா, தாயி?"

புதனன்று அவள் பேசினாள். பாதியில் குழுத்தலைவர் விசில் அடித்தார். அவள் நிறுத்தி, வழிவிட்டு, மீண்டும் முன்னுரையிலிருந்து தொடங்கினாள்.

"நாளைக்குச் சோத்தப் பானையில வச்சிருவமா?" என்றான் இசக்கியப்பன்.

"தலைவர் இல்லாம கூட்டமா? முறையில்ல."

வியாழனன்று தலைவரைவிட உரத்துப் பேசினாள். வெள்ளியன்று தொண்டை கட்டிக்கொண்டது. ஆயினும் "அனைவருக்கும் வணக்கம்" என்பது கேட்டுவிட்டது. அருள்ராஜ் பதிவு செய்துகொண்டார். வேலை நிலைத்தது.

மாலையில் கடிதம் வந்தது. நிறுவனம் வளர்ந்துவிட்டதால் ஓசூரில் அலுவலகம் திறக்கிறார்கள். ஊழியர்கள் திங்களன்று நேரில் வர வேண்டும். பதிவில் இருந்தவை குரல்கள் மட்டுமே ஆதலால், அவை போனால் போதும்; கணவன் மனைவி இருவருக்கும் அலைச்சல் இல்லை. குழுத்தலைவர் சனியன்றே புறப்பட்டுவிட்டார்.

ஞாயிறு மாலை பேருந்தில் இரு குரல்களையும் ஏற்றிவிட்டு, இருவரும் கீழே வாய்பேசாமல் நின்றார்கள்.

"சன்னல் எனக்கு" என்றது பேருந்துக்குள் அவள் குரல்.

"உனக்குத்தான் தொண்டை கட்டிருக்குல்லா, தள்ளி உக்காரு."

கண்டக்டர் வந்தார். "ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காருங்க. கர்ச்சீப்பு வச்சிருந்தா அதையும் எடுத்துக்கிடுங்க, ஆள் வருது" என்று சொல்லி, ஓர் அரை டிக்கெட்டைக் கிழித்துச் சன்னல் கம்பியில் செருகினார்.