கரண்ட் போனாலும் மறக்காத மெமரி

என்கூடப் படித்த பிரசீதா பெங்களூரிலிருந்து வந்த அன்று பாறசாலையில் என் கம்ப்யூட்டர் கடையில் ஒரே கூட்டம். வாங்க வந்த கூட்டமல்ல, திட்ட வந்த கூட்டம். ஏஐ கம்பெனிகள் இருக்கிற மெமரியையெல்லாம் அள்ளிக்கொண்டதில் விலை ஏறிவிட்டது. அதை நான்தான் ஏற்றினேன் என்பதுபோல ஆளாளுக்குக் கடித்துக் குதறினார்கள். நானும் சும்மா விடவில்லை.

எல்லாரும் போனபின் அவள் பையிலிருந்து ஒரு சின்ன போர்டை எடுத்து என் திரையோடு இணைத்தாள்.

"சுஜா, இதுல உன் பேர அடி. சேவ் பண்ணாதே. இனி பிளக்கப் புடுங்கு."

பிடுங்கினேன். திரும்பச் சொருகியபோது என் பெயர் அப்படியே இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பிடுங்கிச் சொருகினேன்.

அந்தக் காலத்தில் பனச்சமூட்டில் நாங்கள் கம்ப்யூட்டர் படித்த சென்டர் கேரளத்தில் இருந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் தமிழ்நாடு. இங்கே கரண்ட் போனால் அங்கே இருக்கும். உடனே பிளாப்பியை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடைக்கு ஓடி, மிச்சத்தை அங்கே அடிப்போம். மழையில் துப்பட்டாவுக்குள் பிளாப்பியைப் பொத்திக்கொண்டு, பஸ்காரன் வசவைக் கேட்டுக்கொண்டு ஓடியிருக்கிறோம். என்ன சுகமான ஓட்டம் அது! ஒருநாள் பிரசீதா சேவ் பண்ண மறந்து, வெறும் பிளாப்பியோடு மாநிலம் தாண்டிவிட்டாள். பரீட்சைக்கான புரோகிராம் மொத்தமும் போயிற்று. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள். கரண்ட் போனாலும் மறக்காத மெமரி ஒன்றைத் தானே உண்டாக்கப் போவதாகச் சொன்னாள். நான் சிரித்தேன். உண்டாக்கியே விட்டாள்.

"என் கம்பெனிக்குக் காசு போட்டவங்க இனி தரமாட்டாங்க," என்றாள் இப்போது. "காஞ்சிரங்குளத்து எங்க வீட்ட பேங்குல அடமானம் வச்சா கம்பெனி ஓடும். அம்மை சம்மதிச்சாச்சு. நாளைக்கு ஒப்பு போடணும். நீ கடைக்காரியாட்டு சொல்லு, இது விக்குமா?"

விற்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அந்த வீட்டில் அவள் அம்மா தனியாக இருக்கிறாள். எனக்கும் சோறு போட்ட கை.

"என்ன வெல?"

"சாதா மெமரிய விட ஏழு மடங்கு. நெறய செஞ்சா கொறையும்."

"நெறய வித்தாத்தானே நெறய செய்யலாம்? விக்காதுட்டி. இப்ப லேப்டாப்புல பேட்டரி உண்டு. அடிக்க அடிக்க தானா சேவ் ஆவுது. வாறவன் எத்தன ஜிபி, எவ்வளவு கொறைப்பன்னுதான் கேக்கியான். கரண்ட் போனா மறக்குமான்னு ஒருத்தன் கேட்டதில்ல. பேக்டரி மெஷினு, கரண்டு மீட்டரு இதுக்கெல்லாம் போவாதா?"

"அங்க பெரிய கம்பெனிக்காரங்க எப்பவே கடை விரிச்சாச்சு."

அவள் போனை எடுத்தாள். "அம்மே, நாளெ பேங்கில் போவண்டா," என்று மட்டும் மலையாளத்தில் சொல்லி வைத்துவிட்டாள். பிறகு போர்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு இது இருந்திருந்தா நாம வாங்கியிருப்போம், இல்லியா?"

"கடன் பட்டாவது வாங்கியிருப்போம்."

"அப்போ வித்திருக்கும்."

"ரெண்டு பேரு சேந்தா சந்தை ஆவாது மக்கா," என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஷட்டரை இறக்கப் போனேன்.