மாமா பெயரில் ஒரு முதுகெலும்பு

கால்நடை டாக்டர் செய்த ஒரே தப்பு, மரியாதை. பின்னங்கால்கள் விழுந்துபோன நாய்களுக்கு, முதுகுத் தசையை வெட்டாமல் விலக்கி, எலும்பில் சின்ன ஜன்னல் திறந்து, நழுவிய டிஸ்க்கை எடுக்க ஒரு புது வழி கண்டுபிடித்தான். நாய்கள் எழுந்து நடந்தன. கட்டுரையும் எழுதினான். ஆசிரியர் பெயர்கள் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு, இங்கிலீஷைத் திருத்தித் தரும்படி அக்கா வீட்டுக்காரருக்கு அனுப்பினான். மாமா மனிதர்களின் முதுகெலும்பில் கை வைக்கும் பெரிய புரொபசர். பெரியவர் பெயரை எத்தனாவதாகப் போடுவது என்று சின்னவன் முடிவு செய்தால் நன்றாகவா இருக்கும்?

மாமாவே முடிவு செய்துவிட்டார்.

கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் மாமா. இரண்டாவது மாமாவின் மாணவர். மூன்றாவது பெயர் அக்காவுடையது, அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறாள். அடியில் நன்றியுரை: பங்கேற்ற நாய்களுக்கு நன்றி. டாக்டர் அதை இரண்டு தடவை படித்தான். நாய்களோடுகூட அவன் இல்லை.

அவனுக்கு அடுத்த வாரம் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது இருந்தால்தான் வேலை. இருந்தது அந்த ஒன்றுதான். நேரே அக்கா வீட்டுக்குப் போனான்.

மாமா சோபாவில் சாய்ந்து தன் கட்டுரைப் பட்டியலில் புது வரியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். இதுவரை 'முதுகெலும்பு' என்றிருந்த தலைப்பு இப்போது 'முதுகெலும்பு மற்றும் கால்நடை அறுவை சிகிச்சை' ஆகியிருந்தது.

"வா மாப்ளே. நம்ம கட்டுரை பார்த்தியா? நல்லா வந்திருக்கு."

"என் பேரைத்தான் தேடிட்டிருக்கேன் மாமா."

"அட, நீ காலியா விட்டிருந்தே. உனக்குப் பேர்ல ஆசையில்லன்னு நினைச்சுட்டேன். இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனான்னு உங்கக்காகிட்டகூடப் பெருமையா சொன்னேன்."

அக்கா காபியை வைத்தாள். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. "பேரு வெளியில எங்கயும் போயிடலையே. வீட்டுக்குள்ளதானே இருக்கு" என்றாள்.

நேர்காணலில் அவன் நடந்ததைச் சொன்னான். தேர்வுக்குழுத் தலைவர் நியாயமானவர். "சந்தேகம் எதுக்கு, கேட்டுடலாம்" என்று அங்கேயே மாமாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தார்.

"ரொம்ப நல்ல பையன் சார்" என்றது மாமாவின் குரல். "நாயை அசையாம பிடிச்சுக்குவான். அவன் மாதிரி யாரும் பிடிக்க முடியாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டுரைல பேர் இருக்கிற யாராவது ஒருத்தர், இது உங்க வேலைதான்னு திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கட்டும். பார்க்கலாம்."

வாசலுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டான். முதல் நாய் எழுந்து நடந்த வீடியோவை அவளுக்குத்தான் முதலில் அனுப்பியிருந்தான். அவள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டி, என் தம்பி என்று சொன்னவள்.

"ஒரே ஒரு வரி எழுதினா போதும்க்கா. பண்ணினது என் தம்பின்னு."

"எழுதலாம்டா" என்றாள். "ஆனா இதை வெச்சுத்தான் என்னை ஹெச்.எம். ஆக்கறாங்க. ஸ்கூல் கேட்ல பேனர்கூடக் கட்டிட்டாங்க. இப்ப போய் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா அசிங்கமாயிடாதா? உனக்கு வயசிருக்கு. இன்னொண்ணு எழுதிக்கோ."

"சரி. திங்கக்கிழமை உன்கிட்டயும் கேட்டாங்கன்னா? எலும்புல ஜன்னலை எந்தப் பக்கம் திறந்தீங்கன்னு?"

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். சரியாகப் பொத்தவில்லை.

"ஏங்க, ஜன்னலை எந்தப் பக்கம் திறந்தோம்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் மாமா, தூரத்திலிருந்து. "லைன்லதானே இருக்கான். அவனையே கேளு."