பாலத்திலிருந்து ஓணான் வரை

சிவப்பு மைக்கு வேலையிலிருந்துதான் ஓய்வு கிடைத்தது, குணத்திலிருந்து கிடைக்கவில்லை. தணிக்கை அலுவலகத்தில் அடுத்தவர் செய்த தப்புக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டே காலம் தள்ளிய மனிதர். சொந்தப் பெயரைச் சொன்னால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. சிவப்பு மை என்றால் எல்லாரும் கோப்பைத் தேடி ஒளித்துவைப்பார்கள்.

இப்போது வட்டம் போட ஆள் இல்லை. அதனால் காலையில் பேப்பர் வந்ததும் சொல் ஏணியில் ஏறிவிடுவார். கடல் என்று தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாக மாற்றி, மடல் வழியாக மணலுக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் வரும் ஒவ்வொரு படியும் உருப்படியான சொல்லாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. முடித்ததும், ஏதோ மலையைப் புரட்டிவிட்டவர் மாதிரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பார். மகனும் அறிவிப்பான், மச்சினனும் அறிவிப்பார். எத்தனை படி, எத்தனை நிமிடம் என்பதோடு சரி. விடையை யாரும் எழுதியதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. ஊரார் கணக்கில் ஓட்டை தேடியவருக்கு வீட்டுக் கணக்கைச் சரிபார்க்கத் தோன்றவே இல்லை.

போன மாதம் காரைப் பின்னால் எடுக்கும்போது வாசல் கேட்டில் இடித்துவிட்டார். காருக்கு ஒரு கீறல், வீட்டுக்குள் பூகம்பம்.

"வயசாச்சுப்பா. சாவியைக் கொடுத்துடுங்க" என்றான் மகன்.

"வயசு உடம்புக்குடா! மூளைக்கு என்ன கேடு? என்னைக்கு இந்தப் புதிர் எனக்கு வரலையோ, அன்னைக்கு நானே சாவியை உன் கையில வைக்கிறேன்."

"சரிப்பா" என்றான் அவன், ரொம்பச் சீக்கிரமாக. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். கார் இல்லையென்றால் நூலகத்துக்கும் நண்பர் வீட்டுக்கும் போக அவர் இன்னொருவரிடம் கெஞ்ச வேண்டும். கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர்.

அப்புறம் அந்த நாள் வந்தது. பாலத்தில் தொடங்கி ஓணானில் முடிக்க வேண்டும். பாலம், பாகம், தாகம், தாளம், மேளம் என்று விறுவிறுவென்று ஏறினார். தலைகீழாக நின்று பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சொல் 'ம்' என்று போய் முட்டிக்கொண்டது. மேளமும் தாளமும் தாராளமாக வந்தன, ஓணான்தான் வரவில்லை.

"வராத ஓணானை விட்டுட்டு வாங்களேன், சோறு ஆறுது" என்றாள் மனைவி.

குழுவில் மகன் போட்டிருந்தான்: 'ஏழு படி, நாலு நிமிஷம்.' மச்சினன்: 'ஆறு படி. கொஞ்சம் கஷ்டம்தான்.' கொஞ்சமாம்!

சாயங்காலத்துக்குள் அவருக்கு வீம்பு போய்ப் பயம் வந்துவிட்டது. கடைசிக் காலத்தில் அவருடைய அண்ணன், தான் பெற்ற பிள்ளைகளையே பார்த்து யாரென்று கேட்டவர். அதுவும் இப்படித்தான் ஆரம்பித்ததோ என்னவோ. வேலை முடிந்து மகன் வந்ததும், வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"ஓணானுக்கு முந்தின படி என்னடா?"

"ஞாபகம் இல்லப்பா. ஈஸியாதான் இருந்தது. விடுங்க, எங்க போகணும்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

சாவியைக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியது. மகன் அவர் தோளைத் தட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் சின்னதாக ஓர் அறிவிப்பு: 'நேற்றைய சொல் ஏணியில் கடைசிச் சொல் தவறாக அச்சாகிவிட்டது. வெளியானபடி அந்தப் புதிருக்கு விடை கிடையாது. வருந்துகிறோம்.'

சிவப்பு மை அதை வாய்விட்டு, திரும்பத் திரும்பப் படித்தார். சந்தோஷத்தில் கண் கலங்கியது. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவனுக்கு வட்டம் போட்டவர், அச்சில் தப்பு பல்லை இளித்துக்கொண்டு நின்றபோது தன்னைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டாரே! வெட்கம் ஓய்ந்ததும் கோபம் வந்தது.

மகன் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வேலைக்குக் கிளம்பி வந்தான். அவர் நேற்றைய பேப்பரையும் பேனாவையும் அவன் முன்னால் நீட்டினார்.

"அந்த ஏழு படியை எழுது."

"இப்பவா? நேரமாச்சுப்பா..."

"நாலு நிமிஷம்தானேடா!"

அவன் உட்கார்ந்தான். பாலம் என்று எழுதினான். பாரம் என்று எழுதினான். பிறகு பேனாவின் வாலைக் கடித்தான். மனைவி இன்றைய பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குப் போனாள். மேஜைமேல் போன் துடித்தது. மச்சினன் போட்டிருந்த 'ஆறு படி' இருந்த இடத்தில் இப்போது 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருந்தது. அவர் வீட்டுக்கும் பேப்பர் போய்ச் சேர்ந்துவிட்டது போலும்.

சிவப்பு மை இன்றைய பேப்பரை மகனிடம் காட்டினார். அவன் திருதிருவென்று விழித்தான்.

"சும்மா... எல்லாரும் போடறாங்களேன்னுதான்பா தினமும் நானும்..."

"தினமுமா!"

அவன் அசடு வழிந்தான்.

"புதிரு கிடக்கட்டும். நேத்து என் கை நடுங்கினதைப் பார்த்தியா, இல்லையா?"

"...பார்த்தேன்."

"பார்த்துட்டும் வாங்கிக்கிட்ட. சரி, எங்க போகணும்னாலும் கொண்டுபோய் விடறேன்னியே, அது எத்தனாவது படிடா?"

மகன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தான்.