வேலம்பாசியைக் கழுவியவள்

விருந்தாளி வருகிறார் என்றால் புதுமடத்தில் அம்மிக் குழவியைக்கூடக் குளிப்பாட்டிவிடுவார்கள். நூர் நிஷா அதிலும் ஒரு படி மேல். மெட்ராஸிலிருந்து அதிகாரி ராமலெட்சுமி அம்மா வருகிறார் என்று தெரிந்ததும் பாய், பாத்திரம், கதவு எல்லாம் கழுவியாயிற்று. மிச்சம், கொல்லையில் இருந்த கணவரின் ஆராய்ச்சிதான்.

கணவர் மீரா சாகிபு சர்க்கார் சுகாதார ஆராய்ச்சியில் உதவியாளர். தெருச் சாக்கடையை இரண்டு சிமெண்டு வாய்க்கால்களாகப் பிரித்து, இரண்டிலும் வேலம்பாசி என்ற நீர்ச்செடியை வளர்த்தார். நாறிக்கொண்டு உள்ளே போகும் தண்ணீர் நாற்றமில்லாமல் கடலுக்குப் போனது. செடிதான் அழுக்கைத் தின்கிறது என்பது அவர் கட்சி. அந்த அம்மாவுக்குத் திருப்தி இல்லையென்றால் ஆராய்ச்சியை மூடிவிட்டு மெட்ராஸுக்கு மாற்றல். உம்மாவையும் கடலையும் விட்டுப் போவதை நூர் நிஷாவால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

இலைகளில் பழுப்பாக ஒட்டிக்கிடந்த வழவழப்பைப் பார்த்தால் அவளுக்கே கூசியது. கணவர் உச்சிப்புளிக்குப் போன நேரத்தில், ஒரு வாய்க்காலின் செடிகளைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, தேய்த்து அலசி, சிமெண்டையும் சுரண்டிவிட்டு, பச்சைப் பசேலென்று திரும்ப நட்டாள். அடுத்ததில் கை வைப்பதற்குள் அடுப்பில் கொதித்த மீன் ஆணம் அடிப்பிடித்த வாடை வந்தது. ஓடிவிட்டாள்.

அதிகாரி வந்த அன்று, கழுவிய வாய்க்கால் மூக்கைப் பொத்த வைத்தது. அமோனியா இருந்தால் பழுப்பாகிவிடும் சோதனை மருந்தை இரண்டு தண்ணீரிலும் அவர் விட்டார். அழுக்கு இலைத் தண்ணீர் அப்படியே தெளிந்திருந்தது. சுத்தமான இலைத் தண்ணீர் கஷாயமாக மாறியது.

"இதுல அமோனியா குறையவே இல்லையே. ரெண்டும் ஒரே செடிதானே, மீரா சாகிபு?"

பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நூர் நிஷா முன்னே வந்தாள்.

"நான்தாம்மா அந்த எலைய எல்லாம் கழுவுனேன். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

"செடியை மாத்தலையே?"

"இல்லம்மா. அதே செடியத்தான் அங்கனயே நட்டேன்."

ராமலெட்சுமி அம்மா மற்ற வாய்க்காலிலிருந்து ஓர் இலையைப் பறித்து விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப வேலை பார்க்கிறது செடி இல்லை. இந்த வழவழப்பில் குடியிருக்கிற கிருமிங்கதான் அமோனியாவை மாத்துது. செடி இடம் மட்டும் கொடுக்குது. நீங்க எழுதினது தப்பு, மீரா சாகிபு. ஆனா இதை இப்ப நிறுத்தக் கூடாது. மாத்தி மாத்திக் கழுவிப் பார்க்கணும்."

ஜீப் போனபிறகு மீரா சாகிபு மனைவியைப் பார்த்தார். அவள் வசவுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வாய்க்காலயும் நீயே கழுவுறியா?" என்றார்.

"அப்ப நாம இங்கனதான் இருப்போமா?"

"இங்கனதான்."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.