கறுத்த மணல் முற்றம்

கல்யாணத்துக்கு முற்றத்தில் புதுக் கடல்மணல் விரிப்பது எங்கள் வழக்கம். என் மகள் ரினியின் கல்யாணத்துக்கு ஊரார்போல வெளுத்த மணல் போட எனக்கு மனசு வரவில்லை. தேடிப் பிடித்துக் கறுத்து மினுங்கும் மணலாகக் கொண்டுவந்து கொட்டினேன். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதில் கதிர்வீச்சு உண்டென்று அன்றைக்கு எந்தப் பயல் சொன்னான்?

பிறகு சொன்னது மருமகன். அவர்கள் பிழைக்கப் போன அயர்லாந்தில் குழந்தை பிறந்தபின் எங்கோ படித்துவிட்டான். "அந்த மண்ணு கெடக்கும்வர பிள்ளையக் கொண்டு வரமுடியாதுப்பா" என்றாள் ரினி.

பேரனை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். மனைவி மரியம்மா செத்துப்போனபின் வீட்டில் நான் ஒருத்தன். மணலை வாரிவிடலாமென்றால், அது மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டது. வெளியே கொட்டவும் யாரும் விடவில்லை. கெட்ட மண்ணைச் சுத்தம் செய்து பார்க்க ஓர் ஆராய்ச்சிக் கூட்டம் இடம் தேடுவதாகக் கேள்விப்பட்டு, அவர்களிடம் போய்ச் சண்டை பிடித்துக் கூட்டிவந்தேன்.

முற்றத்தை ஆழமாகச் சுரண்டி அள்ளிப் போனார்கள். சோடாக் காரப் பொடி கலந்து, உலையில் சுட்டு, அமிலத்தில் கழுவி, செங்கல் நிறத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஜினு என்ற மலையாளத்துப் பெண் கதிர்வீச்சு மீட்டரை வைத்துப் பார்த்தாள். முன்பு கிறுகிறுவென்று கத்திய சனியன் இப்போது வாயே திறக்கவில்லை.

"இனி பேடிக்காண்டாம், பயமே வேண்டாம் அங்கிளே. சாதாரண மண்ணாக்கும் இது."

அவள் வண்டியேறுமுன்பே ரினியைப் போனில் கூப்பிட்டேன்.

"மக்களே, மண்ணு சுத்தமாச்சு. எப்பம் வாறிய?"

"இந்த வருஷம் லீவு கெடைக்காதுப்பா. பிள்ளைக்கு அங்கத்த சூடும் ஒத்துக்காது. பொறவு பாப்போம்."

"மண்ணு சரியாயிட்டு பிள்ளே!"

"அதுக்கில்லப்பா..."

அதுக்கில்லையாம். பின்னே எதுக்கு? கேட்கவில்லை. பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

சாயங்காலம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சுட்ட மண்ணில் ஓர் எறும்புகூட இல்லை. அந்தப் பாழாய்ப்போன மணல் கிடந்தவரை, மகள் வராததற்கு அதைத் திட்டிக்கொண்டாவது இருந்தேன். இப்போது யாரைத் திட்ட?

பக்கத்து வீட்டு ஆலீஸ் மதில்மேல் தலையை நீட்டினாள். "அண்ணே, மீட்டர் வச்சுப் பாத்தாவளே! ரினி எப்பம் வாறா?"

"எங்க வர? மண்ணு இன்னும் சரியாவல்ல பிள்ளே" என்றேன். "இன்னும் ஒருக்கா சுடணுமாம்."